ஓடும்போதே படியெடுத்தல்

படியெடுத்தல் என்பது தமிழில் பழைய சொல். ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏட்டில் எழுதுவது படியெடுத்தல். கல்வெட்டின் மேல் நனைத்த தாளை ஒற்றி, தட்டி, மை பூசி எழுத்துகளை எடுப்பதும் படியெடுத்தல்தான். இரண்டிலும் பிழை நேர இடமுண்டு. எழுதுகிறவரின் கண் ஒரு வரியைத் தாண்டிவிடலாம். தேய்ந்த எழுத்தை வேறாக வாசித்துவிடலாம். உ.வே. சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்ததும், பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்ததும் இப்பிழைகளைக் களையும் பொருட்டே. ஆனால் இவ்விரு வேலைகளுக்கும் பொதுவாக ஒரு வசதி உண்டு. அது எப்போதும் கிடைப்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. படியெடுத்து முடியும்வரை மூலம் அசையாமல் இருக்கிறது.

மூலத்தையே அழிக்க வேண்டி வந்தபோதும் இந்த வசதி இருந்தது. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் காலத்தில் ஆணை பிறந்தது. இடிக்குமுன் சுவர்களிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டார்கள். விமானம் எழுந்த பிறகு, ராஜேந்திரன் காலத்தில், அவற்றைப் புதிய சுவர்களில் மறுபடியும் வெட்டினார்கள். இச்செய்தியை அக்கோயிலின் கல்வெட்டே சொல்கிறது. காப்புப் படி எடுப்பதற்கும் அதிலிருந்து மீட்டெடுப்பதற்கும் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான பழஞ்சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே எல்லாம் ஒழுங்கான வரிசையில் நடந்தன. வெட்டும் வேலை நின்றது, படி எடுக்கப்பட்டது, பிறகு சுவர் இடிந்தது.

அந்த வெட்டும் வேலை நிற்கவே நிற்காது என்றால்? ஒருவர் சுவரின் ஒரு மூலையிலிருந்து படியெடுத்துக்கொண்டு வர, மறுமூலையில் ஐம்பது பேர் புதிது புதிதாக வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால்? அவர் கடைசி மூலைக்கு வந்து சேரும்போது முதல் மூலை மாறியிருக்கும். அவர் கையிலுள்ள படி சுவரின் எந்த ஒரு நாளையும் காட்டாது. தொடக்கம் திங்கட்கிழமைச் சுவர், முடிவு வெள்ளிக்கிழமைச் சுவர் என்று இரண்டும் ஒட்டிய ஒன்றாக, எந்நாளும் இருந்திராத ஒரு சுவராக அது இருக்கும். ஏட்டுக் காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. இரவிலும் பகலிலும் ஓயாமல் எழுதப்படும் ஒரு பொது ஏடு உருவானபோதுதான் எழுந்தது. அத்தகைய ஏடுகளில் எழுதுகிற கைகள் மிகுந்த ஊர்களில் ஒன்று நம் பெருங்குடி.

*

அந்த ஏடு எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலை ஒரு களஞ்சியத்தில் வைப்பார்கள். களஞ்சியம் கடைசி வடிவத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு திருத்தத்தையும், யார் செய்தார், எப்போது செய்தார், எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஒரு நாவலின் எல்லாக் கையெழுத்துப் படிகளும் அடித்தல் திருத்தல்களோடு, தேதியிட்டு, ஒரே பெட்டியில் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். பெட்டி தொலைந்தால் அச்சிட்ட நாவல் இருக்கும். அது எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்ற நினைவு இராது. மென்பொருளில் அந்த நினைவு ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய பொருளன்று. ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை நீக்குகிறவர், பத்தாண்டுக்கு முன் யாரோ அடைத்த ஓட்டையைத் திறந்துவிடுவார்.

இவ்வகைக் கருவிகளில் முன்னோடி, 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ். அடுத்து, 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ்.ஸை உருவாக்கினார். அது கோப்பின் கடைசி வடிவத்தை முழுதாகவும், முந்தைய வடிவங்களைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகவும் சேமித்தது. இரண்டும் ஒரே கணிப்பொறியில் வேலை செய்கிறவர்களுக்கானவை. ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அதற்குப் பூட்டு விழும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை ஒழித்தவர் ஆம்ஸ்டர்டாமின் வ்ரியே பல்கலைக்கழக ஆசிரியர் டிக் குரூனே. அவரும் இரண்டு மாணவர்களும் 1984 ஜூலையிலிருந்து 1985 ஆகஸ்டு வரை ஒரு தொகுப்பியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மூவரின் நேரமும் ஒத்துவரவில்லை. ஒரு மாணவர் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஒழுங்காக வேலை செய்பவர். இன்னொருவருக்கு நேரம் காலம் கிடையாது. ஆசிரியருக்கோ மாலையில்தான் ஓய்வு. ஒருவருக்காக ஒருவர் காத்திராமல் ஒரே நிரலில் வேலை செய்ய அவர் எழுதிக்கொண்ட சிறு கட்டளைத் தொகுப்பு 1986இல் சி.வி.எஸ். என்ற பெயரில் பொதுவில் வந்தது. 1989இல் பிரையன் பெர்லினர் அதை சி மொழியில் மறுபடி எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் கட்டற்ற மென்பொருள் உலகம் பெரும்பாலும் சி.வி.எஸ்.ஸின் மேல்தான் நடந்தது. மூன்று பேரின் நேரம் ஒத்துவராததிலிருந்து பிறந்த கருவி என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சி.வி.எஸ்.ஸுக்கு ஒரு குறை உண்டு. அது ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியே வைத்திருந்தது. பத்துக் கோப்புகளைத் தொடும் ஒரு திருத்தத்தை ஒருவர் ஒப்படைத்தால், அது பத்துத் தனிப் பதிவுகளாக ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். ஐந்து ஏறியிருக்கும்போது இணைப்பு அறுந்தால் ஐந்தோடு நிற்கும். அந்த நேரத்தில் யாராவது களஞ்சியத்தைப் படியெடுத்தால் அந்தப் படியில் பாதித் திருத்தம் இருக்கும். அது பாதி என்று படியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கோப்பும் தனியே பார்த்தால் ஒழுங்காகவே இருக்கும்.

ஆகவே களஞ்சியத்தைக் காக்கும் நிர்வாகி பழைய வழியைப் பின்பற்றினார். எல்லாரும் வீட்டுக்குப் போனபின், நள்ளிரவு தாண்டி, வழங்கியை நிறுத்திவிடுவார். கோப்புகளை நாடாவுக்கு நகலெடுப்பார். மறுபடி ஓட விடுவார். திருமழபாடியில் செய்ததைப்போல, வேலை நின்றதும் படி. ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் எல்லாரும் இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. ஊருக்கு ஓர் இரவு இருந்தது.

*

2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதையொட்டி, பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டே போயின. ஏரியும் வயலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்புமாக இருந்த பெருங்குடி, நகரத்தின் குப்பையைக் கொட்டும் இடமாக மட்டும் அறியப்பட்ட நிலைமாறி, மென்பொருள் அலுவலகங்களின் ஊராயிற்று. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரிவரை நீண்டபோது அதற்கு ஒரு நிலையமும் கிடைத்தது. 2011இல் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இந்த வளர்ச்சியின் நன்மை தீமைகள் பலராலும் எழுதப்பட்டுவிட்டன. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த அலுவலகங்களில் எழுதப்பட்ட நிரலின் களஞ்சியம் பல வேளைகளில் வேறொரு கண்டத்தில் இருந்தது. அல்லது களஞ்சியம் இங்கே, எழுதுகிறவர்கள் அங்கே.

குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு. பெருங்குடியில் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் இருக்கையில் அமரும்போது அங்கே முந்தைய நாள் மாலை ஏழரை. கடைசி ஆள் விளக்கை அணைக்கும் நேரம். பெருங்குடியில் இரவு ஒன்பதுக்குக் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடு ஒருவர் எழும்போது அங்கே காலை ஏழரை. முதல் ஆள் வந்துகொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டை நிறுவனங்கள் விரும்பின. சூரியனைத் தொடர்ந்து வேலை நடக்கும் என்றார்கள். அதன் விலையைக் கவனித்தவர்கள் களஞ்சிய நிர்வாகிகள். அவர்களுடைய இரவு காணாமற்போயிற்று. வழங்கியை எந்த மணிக்கு நிறுத்தினாலும் யாரோ ஒருவரின் வேலை நேரத்தில் நிறுத்துவதாகிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில் மூன்று பேருக்குள் இருந்த நேரப் பிணக்கு, இப்போது பூமியின் இரு பக்கங்களுக்கு இடையிலானதாக வளர்ந்துவிட்டது.

வழங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையற்ற படி எடுப்பது எப்படி என்ற கேள்வி அந்நிலையில் வசதிக்கானதாக இருக்கவில்லை. வேறு வழியில்லை என்றாயிற்று.

*

சி.வி.எஸ்.ஸின் இடத்தைப் பிடிக்க வந்தது சப்வெர்ஷன். அதைத் தொடங்கியது, பிரையன் பெலண்டார்ஃப் 1999இல் நிறுவிய கொலாப்நெட். பல ஊர்களில் பிரிந்திருக்கும் குழுக்கள் சேர்ந்து மென்பொருள் எழுத உதவுவதே அந்நிறுவனத்தின் தொழில். 2000இல் கார்ல் ஃபோகல், ஜிம் பிளாண்டி, பென் காலின்ஸ்-சஸ்மன் முதலியோர் வேலையைத் தொடங்கினார்கள். 2001 ஆகஸ்டு 31 அன்று சப்வெர்ஷனின் நிரல் சப்வெர்ஷனிலேயே குடியேறியது. 2004 பிப்ரவரி 23 அன்று 1.0 வெளியானது. கொலாப்நெட்டுக்குச் சென்னையிலும் பொறியாளர் அலுவலகம் இருந்தது. சப்வெர்ஷனின் நிரலுக்குப் பங்களித்தவர்களில் சென்னையிலிருந்து எழுதியவர்களும் உண்டு. இக்கருவியை நம் ஊர் பயன்படுத்தியதோடு நிற்கவில்லை, ஆக்கவும் செய்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சப்வெர்ஷன் முதலில் சரிசெய்தது சி.வி.எஸ்.ஸின் பாதித் திருத்தத்தை. பத்துக் கோப்புகளைத் தொடும் திருத்தம் ஏறினால் பத்தும் ஏறும். இல்லையென்றால் ஒன்றும் ஏறாது. முழுக் களஞ்சியத்துக்கும் ஒரே பதிப்பு எண். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அது ஒன்று கூடும். தொடக்கத்தில் இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்தது பெர்க்லி டிபி என்ற தரவுத்தளம். அதை ஓடும்போதே படியெடுக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வணிகர்களின் கணக்கு முறையைக் கொண்டு அதை விளக்கலாம்.

கடையில் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் முதலில் குறிப்பேட்டில் நேர வரிசையில் ஏறுகிறது. பிறகு அங்கிருந்து பேரேட்டில் அந்தந்தக் கணக்கின் கீழ் எடுத்தெழுதப்படுகிறது. பெர்க்லி டிபியும் அப்படியே. மாற்றத்தை முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதும். அதன் பிறகே தரவுக் கோப்பில் உரிய பக்கத்தில் ஏற்றும். இனி, கடை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு ஏடுகளையும் ஒருவர் படியெடுக்க வேண்டும். எதை முதலில் எடுப்பது?

குறிப்பேட்டை முதலில் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதை முடித்துப் பேரேட்டுக்கு வருவதற்குள் புதிய வரவு ஒன்று நடந்து, பேரேட்டில் பாதி ஏறிவிடுகிறது. அவருடைய பேரேட்டுப் படியில் அந்தப் பாதி வரவு இருக்கும். குறிப்பேட்டுப் படியில் அதற்குச் சுவடே இராது. எது சரி, எது பாதி என்று தீர்க்க வழியில்லை. மாறாகப் பேரேட்டை முதலிலும் குறிப்பேட்டைக் கடைசியிலும் எடுத்தால், பேரேட்டுப் படியில் எவ்வளவு குழப்பம் இருந்தாலும் கவலையில்லை. அந்தக் குழப்பத்தை உண்டாக்கிய ஒவ்வொரு நடவடிக்கையும் பின்னால் எடுத்த குறிப்பேட்டில் இருக்கும். அதை வைத்து விடுபட்டதை ஏற்றலாம், முடியாததை நீக்கலாம். சப்வெர்ஷன் குழு தந்த காப்பு நிரலும், பிறகு வந்த 'ஹாட்காப்பி' என்ற கட்டளையும் இந்த வரிசையைத்தான் பின்பற்றின: தரவு முதலில், பதிவு கடைசியில், அதன்பின் படியில் ஒரு மீட்பு ஓட்டம். களஞ்சியக் கோப்புறையை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுக்கும் சாதாரணக் கட்டளைக்கு இந்த வரிசை தெரியாது. கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். அவற்றுக்கிடையிலான உறவு வந்திராது.

பெர்க்லி டிபிக்கு வேறொரு தொல்லை இருந்தது. வழங்கியின் ஒரு செயல் நடுவில் மடிந்தால் களஞ்சியம் முழுதும் இறுகிப்போய்விடும்; நிர்வாகி வந்து மீட்புக் கட்டளை தரும்வரை யாரும் எழுத முடியாது. இரவே இல்லாத ஊர்களில் இது பெருங்குறை. 2004 செப்டம்பரில் வந்த 1.1 பதிப்பில், கிரெக் ஹட்சன் எழுதிய எஃப்.எஸ்.எஃப்.எஸ். என்ற மாற்று அமைப்பு அறிமுகமாயிற்று, 2005இல் 1.2 வந்தபோது அதுவே இயல்பான தேர்வானது.

எஃப்.எஸ்.எஃப்.எஸ்.ஸின் அடிப்படை கல்வெட்டின் அடிப்படைதான். ஒவ்வொரு பதிப்பும் ஒரு தனிக் கோப்பு. எழுதி முடித்தபின் அதன் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. அடுத்த திருத்தம் அடுத்த கோப்பாக வெட்டப்படும். கடைசிப் பதிப்பின் எண் என்ன என்று சொல்லும் சிறு கோப்பு ஒன்று இருக்கிறது. புதிய திருத்தம் வரும்போது அது தனியிடத்தில் முழுதாக எழுதப்பட்டு, தன் இடத்தில் வைக்கப்பட்டு, அதன் பிறகே அந்தச் சிறு கோப்பின் எண் மாற்றப்படுகிறது. எண் மாறும்வரை அந்தத் திருத்தம் உலகுக்கு இல்லை.

இங்கே படியெடுக்கும் வரிசை தலைகீழாகிறது. முதலில் அந்தச் சிறு கோப்பைப் படிக்க வேண்டும். எண் 4,210 என்று இருந்தால், 4,210 வரையுள்ள கோப்புகளை நிதானமாக நகலெடுக்கலாம். அவை மாறப்போவதில்லை. இடையில் 4,211, 4,212 வந்து சேர்ந்தாலும் பொருட்டில்லை. அவை நாளைய படியில் வரும். வரிசை தவறி, கோப்புகளை முதலிலும் எண்ணைக் கடைசியிலும் எடுத்தால், படியில் உள்ள எண் 4,212 என்று சொல்லும். அந்த எண்ணுக்குரிய கோப்பு படியில் இராது. இல்லாத அத்தியாயத்தைப் பொருளடக்கத்தில் கொண்ட புத்தகம் போல.

இரண்டு முறைகளின் வரிசை வேறு; பாடம் ஒன்று. ஓடுகிற ஒன்றைப் படியெடுப்பவர் எந்தக் கணத்தின் படி அது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணத்துக்குப் பின் வந்தவற்றை விட்டுக்கொடுக்கும் துணிவும் வேண்டும். எடுத்து முடிக்கும்போது படி பழையதாகியிருக்கும். அது குற்றமன்று. புதியதையும் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் எந்தக் கணத்துக்கும் சேராத படியை உண்டாக்குகிறது.

*

கல்வெட்டிலும் ஓரத்தில் பின்னால் சேர்த்த எழுத்து உண்டு. சப்வெர்ஷனில் பதிப்பின் உள்ளடக்கம் மாறாது. ஆனால் அதனுடன் உள்ள குறிப்பு, எதற்காகச் செய்தேன் என்று எழுதிய வரி, நிர்வாகி அனுமதித்தால் பின்னால் மாற்றத்தக்கது. மாற்றினால் பழைய குறிப்பு எங்கும் மிஞ்சாது. ஆகவே புதிய பதிப்புகளை மட்டும் நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போகும் படி, மூன்றாண்டுக்கு முந்தைய குறிப்பில் நேற்று செய்த திருத்தத்தை அறியாமலே இருக்கும். 2006இல் வந்த 1.4 பதிப்பின் ஒத்திசைவுக் கருவியில் இதற்கென்றே தனிக் கட்டளை இருந்தது. பதிப்புகளை எண் வரிசையில் கொட்டித்தரும் இன்னொரு முறையில், களஞ்சியத்தின் காவல் நிரல்களும் அமைப்புக் கோப்புகளும் வாரா. வரலாறு முழுதும் வந்துவிடும். அந்த வரலாற்றை யார் எழுதலாம் என்ற விதிகள் வந்திருக்கமாட்டா.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட், இந்தக் கவலையையே ஒழித்துவிட்டதாகப் பலர் எண்ணினார்கள். அதில் ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்கிறது. ஒரு வழங்கி எரிந்தால் என்ன, ஆயிரம் படிகள் உலகெங்கும் உண்டே என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் 2013 மார்ச்சில் கே.டி.இ. திட்டத்துக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். லினக்ஸில் தமிழ் முகப்பைப் பலர் முதலில் கண்டது கே.டி.இ.யில்தான். அதன் ஏறத்தாழ 1,500 களஞ்சியங்களைத் தாங்கிய முதன்மை வழங்கியில் கோப்பமைப்பு சிதைந்தது. உலகெங்கும் அதற்குக் கண்ணாடி வழங்கிகள் இருந்தன. குறுகிய இடைவெளியில் முதன்மையைப் பார்த்துத் தங்களைச் சரிசெய்துகொள்பவை. அவை சிதைவையும் நாணயமாகப் படியெடுத்துக்கொண்டன. ஒரே ஒரு வழங்கியில் மட்டும் தற்செயலாகச் சேதமுறாத தொகுப்பு எஞ்சியிருந்ததால் கே.டி.இ. பிழைத்தது. கண்ணாடி காட்டுவது நிகழ்காலத்தை. காப்புப் படி வைத்திருக்க வேண்டியது ஒரு கடந்த காலத்தை. முகம் சிதைந்தால் கண்ணாடியிலும் சிதைந்தே தெரியும்.

இன்னொரு நிகழ்ச்சி, 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. இரவு நெடுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், தவறான வழங்கியில் கட்டளையிட்டு முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். நாள்தோறும் எடுத்த நகல், பதிப்பு பொருந்தாத கருவியால் எடுக்கப்பட்டதால் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக யாரோ கையால் எடுத்துவைத்த படிதான் காப்பாற்றியது. நிரல் களஞ்சியங்கள் தப்பின. அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் எழுதிய குறிப்புகளும் விவாதங்களும் தப்பவில்லை. இவற்றையெல்லாம் அந்நிறுவனமே மறைக்காமல் எழுதி வெளியிட்டது. படி எடுத்தோம் என்பதைவிட, படியிலிருந்து மீட்டுப் பார்த்தோம் என்பதே செய்தி. திருமழபாடிப் புத்தகம் காப்புப் படி என்று நமக்குத் தெரிவது, அதிலிருந்து சுவர் மறுபடி எழுதப்பட்டதால்தான்.

*

படி எங்கே இருக்கிறது என்பது கடைசிக் கேள்வி. அதைச் சென்னைக்குக் கற்பித்தது 2015 டிசம்பர். டிசம்பர் 1 அன்று பெய்த மழையிலும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் வந்த வெள்ளத்திலும் நகரம் துண்டு துண்டாயிற்று. விமான நிலையம் பல நாட்கள் மூடிக்கிடந்தது. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர முடியாமல் தி இந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை என்றார்கள். பழைய மாமல்லபுரம் சாலை நீரில் நின்றது. நிறுவனங்கள் விடுமுறை அறிவித்தன. ஊழியர்களில் ஒரு பகுதியினரைப் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்பி வேலையைத் தொடர்ந்தன.

பெருங்குடியின் ஒரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு. தென்சென்னையின் மழைநீர் வந்து தங்கிப் போகும் இடம் அது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் விளிம்பில் கட்டடம் எழுப்பி, அடித்தளத்தில் மின்பலகையையும் ஜெனரேட்டரையும் வைத்து, மேல்தளத்தில் வழங்கியையும் அதற்குப் பக்கத்து அலமாரியில் காப்புப் படியையும் வைத்தால், தரவு வரிசை, பதிவு வரிசை என்று பார்த்துப் பார்த்து எடுத்த படிக்கும் மூலத்துக்கும் ஒரே விதிதான். ஏட்டுச்சுவடிகளைக் காத்தது ஓலையின் வலிமையன்று. ஒரு படி திருவாவடுதுறையிலும், இன்னொன்று எங்கோ ஒரு கிராமத்துக் கவிராயர் வீட்டுப் பரணிலும் இருந்ததே காத்தது. ஆடிப்பெருக்கில் ஒரு வீட்டின் ஏடுகள் ஆற்றோடு போனாலும் மற்றொரு வீட்டில் எஞ்சின. எஞ்சாதவை நமக்குப் பெயரளவிலும் இல்லை.

இதெல்லாம் நிரலர்களின் கவலை, இலக்கிய வாசகருக்கு என்ன என்று கேட்கலாம். இரண்டாயிரங்களில் இணையத்தில் எழுதப்பட்ட தமிழின் கணிசமான பகுதி, பிறருடைய வழங்கிகளில் எழுதப்பட்டது. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடியது. பல தமிழ்த் தளங்கள் அதில் இருந்தன. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற குழுக்களில் ஆண்டுக்கணக்கில் நடந்த உரையாடல்களைத் தாங்கிய யாஹூ குழுமங்கள், பழைய மடல்களை நீக்கிவிட்டு 2020 டிசம்பரில் அடியோடு மூடிக்கொண்டன. இன்று எழுதிக்கொண்டிருக்கும் பல பெயர்கள் முதலில் எழுதிப் பழகிய இடம் அது. எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளைத் தேடுகிற நாம், ஒரு தலைமுறையின் முதல் வரைவுகளை இவ்வாறு இழந்திருக்கிறோம். தனியார் சிலர் தம் கணிப்பொறியில் சேமித்துவைத்த அளவே மிச்சம்.

அங்கே நுட்பச் சிக்கல் ஒன்றுமில்லை. குறிப்பேடா பேரேடா என்ற வரிசைக் குழப்பம் இல்லை. வழங்கி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் படியெடுக்கத் தோன்றவில்லை. ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும் என்று நம்பினோம். நிறுத்தம் அறிவிக்கப்பட்டபோது கிடைத்த சில வாரங்கள் பலருக்குத் தெரியாமலே போயின.

நிறுத்திவிட்டுப் படியெடுப்பது பழைய முறை. எடுப்பவர் கையில் நிறுத்தும் அதிகாரம் இருந்தால்தான் அது நடக்கும். ராஜராஜனுக்கு அந்த அதிகாரம் இருந்தது. பெருங்குடியின் நிர்வாகிக்கு அது இல்லாமற்போனதால், ஓடும்போதே எடுக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்கும் அந்த அதிகாரம் இல்லை. நம் எழுத்து இருக்கும் வழங்கியை நிறுத்துகிறவர் வேறொருவர். அவர் நிறுத்துவது படியெடுப்பதற்காக இராது. எனவே ஒரு கணத்தைத் தேர்ந்து, அதுவரை உள்ளதை முழுதாக எடுத்து, வேறோர் ஊரில் வைத்து, ஒருமுறை திறந்து படித்தும் பார்த்துவிட வேண்டும். அதற்கு உரிய காலம், அது ஓடிக்கொண்டிருக்கும் காலம்தான்.